கடைமடை ரூட்டர்

ஒரு நிறுவனத்துக்கு 100 கிளைகள், கிளைக்கு 40 கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சி வகுப்பு நேரடியாக ஒளிபரப்பாகிறது. படமும் குரலும் சேர்ந்து நொடிக்கு 2 மெகாபிட். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினால் சர்வரிலிருந்து 4,000 பிரதிகள் கிளம்ப வேண்டும். அதாவது நொடிக்கு 8,000 மெகாபிட். ஒரு கிளையின் பங்கு மட்டும் 80 மெகாபிட். கிளைக்கு வரும் லீஸ்டு லைனோ 10 மெகாபிட். வகுப்பு தொடங்கிய சில நொடிகளில் படம் உறைந்துபோகும். அதோடு விடாது, அதே லைனை நம்பியிருக்கும் பில்லிங்கும் மின்னஞ்சலும் சேர்ந்து படுத்துவிடும்.

இதில் பொறுக்க முடியாத விஷயம், அந்த 40 பிரதிகளும் பிட்டுக்குப் பிட் ஒன்றே என்பதுதான். ஒரே சேதியை ஒரே கம்பியில் நாற்பது முறை அனுப்பிக் கம்பியை அடைக்கிறோம். கிளையின் வாசல்வரை ஒரே பிரதி வந்து, உள்ளே நுழைந்த பிறகு நாற்பதாகப் பெருகினால் 10 மெகாபிட் லைனில் 2 மெகாபிட் போதும். மிச்சம் 8 அன்றாட வேலைக்கு. பார்ப்பவர் நாற்பது பேரானாலும் நானூறு பேரானாலும் லைனில் ஓடுவது அதே 2 மெகாபிட். இந்த முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர்.

அந்த வாசலில் நிற்கும் ரூட்டரைப் பற்றியது இந்த அத்தியாயம். பெரிய நெட்வொர்க்குகளில் மல்டிகாஸ்ட் என்றாலே அனுபவசாலிகளும் கொஞ்சம் தயங்குவார்கள். அத்தனை சிக்கல் உண்டு. ஆனால் கிளை ரூட்டருக்கு அந்தச் சிக்கலில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஏன் தேவையில்லை என்று புரிந்துகொண்டால் மல்டிகாஸ்ட்டின் அடிப்படை முழுவதும் புரிந்துவிடும். அதனால்தான் மையத்தை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1980களின் நடுவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனின் குழு 'வி' என்றொரு இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே அமைப்பாக இயக்குவது அதன் நோக்கம். எல்லாக் கணினிகளும் ஒரே ஈதர்நெட்டில் இருந்தவரை சிரமமில்லை. ஈதர்நெட்டுக்குப் பிறவியிலேயே அந்தக் குணம் உண்டு: ஒருவர் அனுப்பினால் அந்தக் கம்பியில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். குழுவுக்கென்று ஒரு முகவரி வைத்துக்கொண்டால், தேவைப்படுகிறவர் கேட்டுக்கொள்வார், மற்றவர் விட்டுவிடுவார். ரூட்டருக்கு அப்பால் இன்னொரு நெட்வொர்க்கில் இருக்கும் கணினியையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்றபோதுதான் கேள்வி எழுந்தது. ரூட்டரின் வேலையே ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போகாமல் தடுப்பது. அதன் வழியாகக் குழுவை எப்படி நீட்டுவது?

அந்தக் கேள்வியைத் தன் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டவர் ஸ்டீவ் டீரிங். அவரும் செரிட்டனும் சேர்ந்து எழுதிய முதல் வரைவு, இணையத்தின் நெறிமுறை ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 966ஆம் எண்ணாக, 1985 டிசம்பரில் வந்தது. அது திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 ஆக நிலைபெற்றது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் கணினி மல்டிகாஸ்ட் குழுவில் சேரும்போது கடைப்பிடிக்கும் நடைமுறையின் வேர் அந்த ஆவணத்தில் இருக்கிறது.

டீரிங் எடுத்த முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது, பட்டியல் வேண்டாம் என்ற முடிவு. யார் யார் கேட்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் அனுப்புபவரிடம் இல்லை. வழியில் எந்த இயந்திரத்திலும் முழுதாக இல்லை. குழுவுக்கு இருப்பது ஓர் எண் மட்டுமே. அனுப்புபவர் அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். சேர்வதும் விலகுவதும் கேட்பவரின் பாடு. பத்து பேருக்கு அனுப்புகிறோமா, பத்து லட்சம் பேருக்கா என்பது அனுப்பும் கணினிக்குத் தெரியாது; தெரியாததால் சுமையும் கூடாது. பட்டியல் வைத்துக்கொள்ளும் எந்த முறையும் பட்டியலின் நீளத்தோடு சேர்ந்து கனத்துப்போகும். இது கனக்காது.

அந்த எண்களுக்காக ஐபி முகவரிகளில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது: 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை. முதல் நான்கு பிட்டுகள் 1110 என்று இருந்தால் அது குழு முகவரி. மீதி 28 பிட்டுகளில் 26 கோடியே 84 லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்களுக்கு இடமுண்டு. இதில் 239 என்று தொடங்குபவை ஒரு நிறுவனம் தன் உள்நெட்வொர்க்கில் விருப்பம்போலப் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. நம் பயிற்சி வகுப்புக்கு 239.10.20.30 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, நடைமுறையில் கைகொடுக்கும். ஈதர்நெட்டில் இந்த 28 பிட்டும் அப்படியே ஏறுவதில்லை. 01-00-5ஈ என்று தொடங்கும் வன்பொருள் முகவரியின் கடைசி 23 பிட்டுகளில்தான் குழு எண் உட்கார வேண்டும். 5 பிட்டுகள் வெட்டுப்படுவதால் 32 குழு முகவரிகள் ஒரே வன்பொருள் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 239.0.0.1 என்று அழகாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்தால், ஸ்விட்ச்சின் கண்ணில் அதுவும் எல்லாக் கணினிகளுக்குமான 224.0.0.1உம் ஒன்றே. ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டுக்கும் இறைத்துவிடும். ஆகவே 239.0.0, 239.128.0 என்று தொடங்கும் முகவரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி கிளையின் உள்ளே போவோம். 192.168.50.21 என்ற கணினியில் ஒருவர் வகுப்பைப் பார்க்கப் பொத்தானை அழுத்துகிறார். அந்தக் கணினி உடனே ஒரு சிறு பாக்கெட்டை அனுப்புகிறது. ஐஜிஎம்பி என்ற நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் அந்தச் சேதியின் நீளம் வெறும் 8 பைட்டு. முதல் பைட் இது என்ன வகைச் சேதி என்று சொல்கிறது. அடுத்தது விடைக்கான கால வரம்பு; சேரும்போது அது காலி. அடுத்த இரண்டும் பிழை சரிபார்ப்புக்கு. கடைசி நான்கு பைட்டில் குழு முகவரி, 239.10.20.30. "இந்தக் குழுவை நான் கேட்கிறேன்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பாக்கெட்டின் டிடிஎல் 1. அதாவது முதல் ரூட்டரைத் தாண்டி அது போகாது. தாண்டிப் போகவும் கூடாது. இது கணினிக்கும் அதன் வாசல் ரூட்டருக்கும் நடுவே நடக்கும் பேச்சு.

ரூட்டரும் சும்மா இருப்பதில்லை. ஆர்எஃப்சி சொல்லும் இயல்புக் கணக்குப்படி 125 நொடிக்கு ஒருமுறை, 224.0.0.1 என்ற முகவரிக்கு, "யாராவது எதையாவது கேட்கிறீர்களா?" என்று விசாரிக்கும். பதில் சொல்ல 10 நொடி அவகாசம். இந்த இடத்தில் இரண்டாம் பதிப்பு செய்யும் காரியம் அழகானது. வகுப்பைப் பார்க்கும் ஒவ்வொரு கணினியும் அந்த 10 நொடிக்குள் தனக்கென ஏதோ ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்துகொண்டு காத்திருக்கும். எது முந்துகிறதோ அது பதில் சொல்லும். அந்தப் பதில் குழு முகவரிக்கே போவதால் மற்ற கணினிகளும் அதைக் கேட்கும்; கேட்டதும் தங்கள் பதிலைக் கைவிட்டுவிடும். ஆக 40 கணினிகள் பார்த்துக்கொண்டிருந்தாலும் ரூட்டருக்கு வருவது பெரும்பாலும் ஒரே பதில்.

சிஸ்கோ ரூட்டரில் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி க்ரூப்ஸ்' என்று தட்டிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். குழு முகவரி, அது எந்த இன்டர்ஃபேஸில், எவ்வளவு நேரமாக, இன்னும் எவ்வளவு நேரத்தில் காலாவதி, கடைசியாகப் பதில் சொன்னவர் யார் என்று ஒரே வரி. கடைசிப் பத்தியில் நாற்பது பெயர் இருக்காது. ஒரே ஒரு முகவரி. புதிதாகப் பார்ப்பவர் "மற்ற 39 பேர் எங்கே?" என்று தேடுவார். அவர்களை ரூட்டர் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. இந்தக் கம்பியில் ஒருவராவது கேட்கிறாரா என்ற ஆம்-இல்லை விடை கிடைத்தால் போதும். ஒரு பிரதியைக் கம்பியில் விட்டால் கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

2002இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த விட்டுக்கொடுத்தல் இல்லை. எல்லாக் கணினிகளும் தனித்தனியே 224.0.0.22க்குப் பதில் அனுப்பும். இன்னாரிடமிருந்து வருவது மட்டும் போதும் என்று மூலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் வசதி அதில் வந்ததால், ஒருவரின் பதில் மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பார்த்து முடித்தவர் விலகும்போது 224.0.0.2க்கு ஒரு விலகல் சேதி போகும். "இந்தக் குழுவை வேறு யாராவது கேட்கிறீர்களா?" என்று ரூட்டர் ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை கேட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்திவிடும். மின்சாரம் போய்க் கணினி சொல்லாமலே அணைந்துபோனாலும் பிரச்சினை இல்லை. இரண்டு விசாரணை இடைவெளிகளும் ஒரு விடை அவகாசமும் சேர்ந்து 260 நொடிகள் பதிலின்றிக் கடந்தால் அந்த வரி தானாக அழிந்துவிடும்.

கிளைக்குள் நடப்பது இவ்வளவுதான். சிரமம் முழுவதும் வெளியே, ரூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கிறது. சாதாரணப் பாக்கெட் என்றால் போக வேண்டிய இடம் அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் நெற்றியில் இருப்பது குழு எண். அது எந்த ஊர் என்று சொல்லாது. பத்து ரூட்டர்கள் வட்டமாக இணைந்திருந்தால் பாக்கெட் சுற்றிச் சுற்றி வரும். வரும்போதெல்லாம் பிரதி பெருகும்.

இதற்கு விடை 1978லேயே யோகன் டலாலும் ராபர்ட் மெட்கால்ஃபும் எழுதிய கட்டுரையில் இருந்தது. பாக்கெட் எங்கே போகிறது என்று பார்க்காதே, எங்கிருந்து வந்தது என்று பார் என்றார்கள். அனுப்பியவருக்கு நான் ஏதாவது அனுப்ப வேண்டுமானால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்புவேனோ, அதே இன்டர்ஃபேஸில் இந்தப் பாக்கெட் வந்திருந்தால் ஏற்றுக்கொள். வேறு வழியாக வந்திருந்தால் தூக்கிப் போடு. இந்த ஒரு சோதனை சுழலை அறுத்துவிடுகிறது. இன்றைக்கும் எல்லா மல்டிகாஸ்ட் ரூட்டர்களும் இதைச் செய்கின்றன. ஆர்பிஎஃப் சோதனை என்பார்கள். மல்டிகாஸ்ட் வேலை செய்யாத இடத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர்களின் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு மல்டிகாஸ்ட்டில் போனது. எம்போன் என்ற சோதனை நெட்வொர்க் அப்படித்தான் தொடங்கியது. அதன் ரூட்டர் மென்பொருளின் ஆரம்பப் பதிப்புகள் சேதியை எல்லாப் பக்கமும் இறைத்தன; கேட்பவர் இல்லாத திசையை வெட்டிவிடும் வேலை பிந்தைய பதிப்புகளில்தான் வந்தது. அப்போதும் முறை அதேதான்: முதலில் வெள்ளம், பிறகு வெட்டு. பிற்பாடு வந்த பிம் நெறிமுறையில் இதற்கு டென்ஸ் மோட் என்று பெயர். வெட்டிய கிளைக்கும் ஆயுள் உண்டு. சில நிமிடம் கழிந்ததும் அது காலாவதியாகி மறுபடி வெள்ளம் வரும். அகன்ற லைன்களுக்கு அது தாங்கும். 10 மெகாபிட் கிளை லைனுக்குத் தாங்காது.

பிம்மின் மற்றொரு வகை ஸ்பார்ஸ் மோட். கேட்டால்தான் கொடுக்கும். கேட்பவரும் அனுப்புபவரும் சந்திக்க நடுவில் ஒரு ரூட்டரைச் சந்திப்பு மையமாக வைத்து, அங்கிருந்து மரம்போலக் கிளைகள் விரிகின்றன. பெரிய நிறுவனங்களில் இதுதான் ஓடுகிறது. ஆனால் இதில் ஒவ்வொரு ரூட்டரும் மையம் எது என்று அறிந்திருக்க வேண்டும். 30 நொடிக்கு ஒருமுறை அண்டை ரூட்டர்களுக்கு இருப்பைச் சொல்ல வேண்டும். 60 நொடிக்கு ஒருமுறை சேர்க்கைகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒரே கம்பியில் இரண்டு ரூட்டர் அனுப்பினால் யார் நிறுத்துவது என்று பேசித் தீர்க்க வேண்டும். 100 கிளைகளில் இத்தனையையும் அமைத்து, ஒவ்வொன்றையும் கண்காணிக்க வேண்டும்.

கிளை ரூட்டரின் நிலையை இப்போது பாருங்கள். அதற்கு வெளியே போக ஒரே வழி. எந்த மூலத்திலிருந்து சேதி வந்தாலும் அந்த ஒரு வழியாகத்தான் வர முடியும். வழியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே அங்கே எழவில்லை. காவிரிப் பாசனத்தில் கடைமடை என்பார்களே, அந்த இடம் இது. அதற்கு அப்பால் வாய்க்கால் இல்லை. கடைமடையில் நிற்பவருக்கு ஆற்றின் வரைபடம் எதற்கு? தனக்குக் கீழே ஒரு வயலாவது தண்ணீர் கேட்கிறது என்று மேலே சொல்லி அனுப்பினால் போதும். எந்த மதகை எப்போது திறப்பது என்பது மேலே இருப்பவர் பொறுப்பு. ஒரே வேறுபாடு: தண்ணீர் பங்கிடப் பங்கிடக் குறையும், பாக்கெட் குறையாது.

இப்படிக் கடைசியில் இருக்கும் நெட்வொர்க்கை ஸ்டப் என்கிறார்கள். அங்கே செய்யும் மல்டிகாஸ்ட் அமைப்பு ஸ்டப் ரூட்டிங். அதன் சாரம் இதுதான்: கிளை ரூட்டர் கீழ்ப்பக்கம் ரூட்டராக நடந்துகொள்ளும், மேல்பக்கம் ஒரு சாதாரணக் கணினியாக நடந்துகொள்ளும். கீழே விசாரிக்கும், பதில்களை வாங்கும். மேலே தானே ஒரு கேட்பவர்போல, "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்று சொல்லும். மேலே இருக்கும் மைய ரூட்டருக்கு, லைனின் மறுமுனையில் ஒரு கிளை முழுவதும் இருப்பது தெரியாது. அங்கே ஒரு கணினி கேட்கிறது என்று எண்ணித் தன் பிம் வேலைகளையெல்லாம் செய்து ஓட்டத்தைக் கொண்டுவந்து அந்த லைனில் விடும்.

சிஸ்கோ ரூட்டரில் இதைச் செய்ய ஒரு கைப்பிடி அளவு வரிகள் போதும். கிளை ரூட்டரின் லைன் முகவரி 10.0.0.1, மைய ரூட்டருடையது 10.0.0.2 என்று கொள்வோம். கிளையில் முதலில் 'ஐபி மல்டிகாஸ்ட்-ரூட்டிங்' என்ற பொதுக் கட்டளை. பிறகு லைன் இன்டர்ஃபேஸிலும் உள்நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலும் 'ஐபி பிம் டென்ஸ்-மோட்'. கடைசியாக உள்நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் மட்டும் 'ஐபி ஐஜிஎம்பி ஹெல்பர்-அட்ரஸ் 10.0.0.2'. உள்ளே கணினிகள் அனுப்பும் சேர்தல், விலகல் சேதிகளை அந்த முகவரிக்குக் கடத்திவிடு என்று பொருள். டிடிஎல் 1 என்பதால் வாசலிலேயே இறந்திருக்க வேண்டிய சேதி, இந்த வரியின் தயவில் லைனைத் தாண்டுகிறது.

சற்றுமுன் டென்ஸ் மோட் கிளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு இப்போது அதையே இயக்குவது ஏன் என்று வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்வி. கிளையில் அதை இயக்கக் காரணம், அதற்குச் சந்திப்பு மையம் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பது. வந்ததைக் கேட்பவர் இருக்கும் பக்கம் விடு. அவ்வளவுதான் அதன் வேலை. கேட்காத எதுவும் லைனில் வராதவரை கிளைக்குள் வெள்ளத்துக்கு இடமில்லை.

வராமல் தடுப்பது மைய ரூட்டரில் எழுதும் ஒரு வரி. அந்த லைனின் இன்டர்ஃபேஸில் 'ஐபி பிம் நெய்பர்-ஃபில்டர் 1' என்று கொடுத்து, 1ஆம் எண் அணுகல் பட்டியலில் 10.0.0.1ஐ மறுத்துவிட வேண்டும். மைய ரூட்டரின் கண்ணில் கிளை ரூட்டர் ஒரு பிம் அண்டையாகவே தெரியாது. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மையத்திலும் டென்ஸ் மோட் ஓடினால், "எதிரே ஒரு பிம் ரூட்டர் இருக்கிறது, அதற்குக் கீழே யாராவது கேட்கலாம்" என்று நினைத்து நிறுவனத்தில் ஓடும் எல்லா மல்டிகாஸ்ட்டையும் அந்தக் குறுகிய லைனில் இறைக்கும். ஹெல்பர் வரி மறந்தால் படம் வராது, உடனே தெரிந்துவிடும். நெய்பர்-ஃபில்டர் மறந்தால் படம் நன்றாகவே வரும். லைன் மட்டும் காரணமின்றித் திணறும். ஆளைக் கொல்லும் தவறு இந்த இரண்டாவதுதான். இந்த வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. கிளையில் இருந்துகொண்டு யாரும் பிம் சேதிகளை அனுப்பி மையத்தின் மரங்களைக் கலைக்க முடியாது.

இதே வேலையை எல்லா நிறுவனங்களின் கருவிகளும் செய்வதற்கான பொது வரையறை 2006 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 4605 என்ற எண்ணில் வந்தது. அங்கே இதற்கு ஐஜிஎம்பி ப்ராக்ஸி என்று பெயர். மேல்நோக்கிய இன்டர்ஃபேஸ் ஒன்றே ஒன்று. கீழ்நோக்கியவை எத்தனை வேண்டுமானாலும். எது மேல், எது கீழ் என்பதை ரூட்டர் கண்டுபிடிக்காது; அமைப்பவர் கையால் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஓடும் ஐஜிஎம்பி-ப்ராக்ஸி நிரலின் அமைப்புக் கோப்பிலும் இதைத்தான் எழுதுகிறோம். மூலத்தின் முகவரி லைனின் முகவரி வரம்புக்கு வெளியே இருந்தால், அந்த வரம்பையும் 'ஆல்ட்நெட்' என்று அதில் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் வந்த ஓட்டத்தை அது அந்நியமாகக் கருதி ஒதுக்கிவிடும். சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் இது ஒரே கட்டளை. ஆனால் அங்கே ஸ்டப் ரூட்டிங்கையும் பிம்மையும் ஒருசேர இயக்க முடியாது.

இணைய இணைப்பில் டிவி பார்க்கும் பல வீடுகளில் மூலையில் இருக்கும் சிறு ரூட்டரும் இப்படி ஒரு ப்ராக்ஸிதான். சேனலை மாற்றும்போது ஒரு குழுவிலிருந்து விலகி இன்னொன்றில் சேர்கிறீர்கள். பங்குச்சந்தைகளும் இந்த முறையை நம்புகின்றன. மும்பையின் தேசியப் பங்குச்சந்தை ஒவ்வொரு விலையசைவையும் சொல்லும் டிக்-பை-டிக் ஓட்டத்தை மல்டிகாஸ்ட்டில்தான் தருகிறது.

இனி எங்கெல்லாம் கால் இடறும் என்பதைப் பார்க்கலாம். எளிமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எப்போது கேட்கப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அனுப்பும் மென்பொருளே முதல் இடறல். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு நிரல் வேறெதுவும் சொல்லாவிட்டால் டிடிஎல் 1 என்பது ஆர்எஃப்சி 1112இன் விதி. தலைமை அலுவலகத்து உள்நெட்வொர்க்கில் சோதித்தால் படம் பளிச்சென்று வரும். முதல் ரூட்டரைத் தொட்டதும் பாக்கெட் மடியும். சாதாரணப் பாக்கெட் இப்படி மடிந்தால் ரூட்டர் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்குச் சொல்லாது, சொல்லக்கூடாது என்பது விதி. கிளையில் மணிக்கணக்கில் ரூட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள்; கோளாறு சர்வரின் ஒரு பெட்டியில் இருக்கும் எண்ணில் இருக்கும்.

மறையாக்கம் செய்த டனல் இன்னொன்று. கிளைகளை இணையம் வழியாக ஐபிசெக் மூலம் இணைத்திருந்தால், வழக்கமான கொள்கை அடிப்படையிலான ஐபிசெக் அமைப்பு மல்டிகாஸ்ட்டைச் சுமக்காது. உள்ளே ஒரு ஜிஆர்இ டனலை ஓட்டி, அதன்மேல் பிம்மை இயக்கினால் சரியாகிவிடும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, கிளையில் புதிதாக வரும் பிராட்பேண்ட். பல நிறுவனங்கள் இப்போது கிளையின் இணையப் பயன்பாட்டை நேரே உள்ளூர் பிராட்பேண்டில் விட்டுவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு மட்டும் லீஸ்டு லைனை வைத்துக்கொள்கின்றன. அதற்காகக் கிளை ரூட்டரின் டிஃபால்ட் ரூட்டை பிராட்பேண்ட் பக்கம் திருப்புகிறார்கள். தலைமை அலுவலகத்தின் முகவரிகளுக்குத் தனி ரூட் எழுதும்போது வீடியோ சர்வர் இருக்கும் பகுதி விடுபட்டுப்போனால், ஆர்பிஎஃப் சோதனை தன் கடமையைச் செய்யும். "இந்த மூலத்துக்கு நான் போகும் வழி பிராட்பேண்ட், ஆனால் பாக்கெட் லீஸ்டு லைனில் வந்திருக்கிறது" என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கிப் போடும். ஐஜிஎம்பி பட்டியல் சரியாக இருக்கும். லைனில் 2 மெகாபிட் வருவதும் தெரியும். திரை மட்டும் கறுப்பு. 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்று மூலத்தின் முகவரியோடு கேட்டால் ரூட்டர் உண்மையைச் சொல்லிவிடும். விடுபட்ட ரூட்டைச் சேர்க்கலாம். அல்லது மல்டிகாஸ்ட்டுக்கு மட்டும் 'ஐபி எம்ரூட்' கட்டளையால் வழி சொல்லலாம்.

கிளையிலிருந்து ஒளிபரப்ப இந்த அமைப்பை நம்ப வேண்டாம். ப்ராக்ஸி வரையறையின்படி கீழிருந்து வரும் ஓட்டம் மேலே போகும் என்பது உண்மை. ஆனால் மேலே ஸ்பார்ஸ் மோட் ஓடும்போது, ஒரு மூலத்தைச் சந்திப்பு மையத்தில் பதிவுசெய்வது அதன் நேரடி வாசலில் நிற்கும் பிம் ரூட்டரின் வேலை. கிளையின் கணினி மைய ரூட்டருக்கு நேரடியாக ஒட்டியதல்ல. கிளை ரூட்டரை மையம் அண்டையாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கேட்கும் கிளைக்கு ஸ்டப் போதும். பேசும் கிளைக்கு முழு பிம் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இரண்டாவது லிங்க். ஸ்டப் ரூட்டிங்கின் உயிர்நாடி வெளிவழி ஒன்றே என்ற அனுமானம். ஆர்எஃப்சி 4605 இதை ஒளிக்காமல் சொல்கிறது: இணைப்புகள் மரவடிவில் இருக்க வேண்டும், சுழலைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. ஒரே உள்நெட்வொர்க்கில் இரண்டு ப்ராக்ஸிகள் இருந்தால் விசாரிக்கும் உரிமை பெற்றது மட்டுமே ஓட்டத்தைக் கீழே விட வேண்டும் என்று ஒரு காப்பு உண்டு. அதற்குமேல் அமைப்பவர்தான் பொறுப்பு. காப்புக்காக இரண்டாவது லைன் போடும்போது இது மறந்துபோகிறது. முதல் லைன் அறுந்தால் சாதாரணப் போக்குவரத்து இரண்டாவதுக்குத் தானாக மாறும். பிங் ஓடும், பில்லிங் ஓடும். கையால் கட்டிவைத்த மேல்நோக்கிய இன்டர்ஃபேஸ் மாறாது; வகுப்பு மட்டும் நின்றுவிடும். எல்லாம் ஓடும்போது ஒன்று மட்டும் நின்றால் அதை எங்கே தேடுவது என்று யாருக்கும் தோன்றாது.

என் தீர்ப்பு இது. ஒரே லைன் உள்ள கிளையில், கேட்க மட்டும் செய்யும் இடத்தில், முழு பிம்மை இழுத்துப்போடுவது வீண்வேலை. ஸ்டப் அமைப்பே சரி. இரண்டாவது லைனுக்கான வேலை உத்தரவு கையெழுத்தாகும் அன்றே, லைன் வந்துசேரும் முன்பே, ஹெல்பர் வரியையும் நெய்பர்-ஃபில்டர் வரியையும் எடுத்துவிட்டு அந்தக் கிளையை ஸ்பார்ஸ் மோடுக்கு மாற்றும் வேலையையும் அதே உத்தரவில் எழுதிவிடுங்கள். மாற்றி முடித்ததும் முதல் லைனைக் கழற்றி, வகுப்பு ஓடுகிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.